கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி

வூச், போலந்து,
2025 நவம்பர் 2, ஞாயிறு

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே நானும் பெரியம்மாவும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் "நல்லாருக்கறனுங் பெரீப்பா" என்று முடித்துவிடுகிறாய். அப்படிச் சொன்ன அதே வாரம்தான் உனக்கு மூன்று நாள் காய்ச்சல் என்பதை உன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். வூச்சிலிருந்து நீ இருக்கும் வ்ரோத்ஸ்வாஃபுக்குக் காரில் இரண்டரை மணி நேரம். உன் காய்ச்சல் திருப்பூர் போய்ச் சுற்றிக்கொண்டு என்னிடம் வர நாலு நாள் ஆகியிருக்கிறது. திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டக் கூடாது என்று பெரியம்மா கட்டளை.

நேற்று நவம்பர் 1. கடையெல்லாம் மூடியிருந்ததால் நீ தூங்கியிருப்பாய். நாங்கள் கல்லறைக்குப் போய் வந்தோம். வருஷா வருஷம் போவதுதான். அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும். கூட்டத்துக்காகத் தனி டிராம் விடுவார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகு எரியும் ஸ்னிச் விளக்கை ஆளுக்கு நாலைந்து தூக்கிக்கொண்டு, செவ்வந்தித் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கிழவி முதல் குழந்தை வரை வரிசையாகப் போவார்கள். இருட்டினபிறகு பார்க்க வேண்டும், கார்த்திகை தீபம் தோற்றுவிடும். (செவ்வந்தி என்றதும் ஞாபகம் வருகிறது: இங்கே அது கல்லறைப் பூ. யார் வீட்டுக்காவது சாப்பிடப் போகும்போது வாங்கிக்கொண்டு போய்விடாதே. வேறு பூ வாங்கினாலும் ஒற்றைப்படையில் வாங்கு. இரட்டைப்படை இழவுக்கு.)

எங்கள் எதிர்வீட்டு பானியின் (இங்கே அம்மாளை அப்படித்தான் சொல்வார்கள்) கல்லறையைத் துடைத்து, விளக்கேற்றி வைத்தோம். அவர் போய் ஆறு வருஷமாகிறது. அப்புறம் நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்குப் போனோம். தன் சொந்தக்காரர்களின் கல்லறை தூரத்தில் இருப்பவர்கள், எங்கே இருக்கிறதென்றே தெரியாதவர்கள் எல்லாரும் அதனடியில்தான் விளக்கு வைப்பார்கள். நான் அங்கே உன் அப்பத்தாவுக்கு ஒன்று வைத்தேன். அப்பத்தா போனபோது என்னால் வர முடியவில்லை, உனக்குத் தெரியும். அந்தக் கதைக்குள் இப்போது போக வேண்டாம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பெர்லினில் வேலை கிடைத்திருக்கிறது, 15-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உனக்கு இருபத்தேழு வயதாகிறது. படித்தவள். முடிவு உன்னுடையது. நான் எந்தப் பக்கமும் சாயாமல் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

செப்டம்பரில் உன் வீட்டுக்கு வந்தேன் அல்லவா? நீ காபி போட உள்ளே போனபோது செருப்பைத் தேடிக் குனிந்தேன். கட்டிலுக்கடியில் அந்த நீலப் பெட்டி. கைப்பிடியில் விமானக் கம்பெனி ஒட்டின காகிதப் பட்டை அப்படியே இருந்தது. இழுத்துப் பார்த்தேன் என்று கோபித்துக்கொள்ளாதே, கனமாக இருந்தது. நீ வந்தது 2021 அக்டோபரில். நாலு வருஷமாக அதற்குள் என்ன இருக்கிறது, கண்ணு? உன் அறைச் சுவரில் ஒரு ஆணி இல்லை, ஒரு படம் இல்லை. ஜன்னலில் ஒரு செடி இல்லை. கூட இருக்கும் மூன்று பிள்ளைகளும் நம் பக்கத்துப் பிள்ளைகள். அடுப்படியில் தமிழ், ஆபீசில் இங்கிலீஷ், ராத்திரி வீடியோ காலில் திருப்பூர். அந்த மூன்று பேரும் நீண்ட வார இறுதிக்குப் பிராக் போயிருந்தபோது உனக்கு 39.4, நம் ஊர்க் கணக்கில் 103. உன் கதவுக்கு எதிர்க்கதவு நாலு அடி தூரம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று செப்டம்பரில் நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "ஒரு தாத்தாங்க, நாய் வச்சிருக்காரு." அந்தத் தாத்தாவுக்கு உன்னைப் பற்றி அவ்வளவுகூடத் தெரியாது. இதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

இந்த ஊரில் இதற்கு ஒரு சொல்வழக்கு இருக்கிறது. 'ஷெஜெச் நா வலிஸ்காஹ்' என்பார்கள். பெட்டி மேல் உட்கார்ந்திருப்பது. எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக, கூடத்தில் கட்டின மூட்டையின் மேலேயே காலத்தைத் தள்ளுவது. அந்தச் சொல்லை உன் ஊர்க்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை. வ்ரோத்ஸ்வாஃப் 1945 வரை ஜெர்மன்காரர்களின் ஊர், பெயர் ப்ரெஸ்லாவ். யுத்தம் முடிந்து எல்லைக்கோட்டை மேற்கே தள்ளி வரைந்தபோது அவர்களைக் கிளப்பி அனுப்பினார்கள். கிழக்கே சோவியத்துக்குப் போய்விட்ட ல்வூஃப் பக்கத்திலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோவும் போலந்துக்காரர்கள் ரயில் பெட்டிகளில் மாட்டோடும் மூட்டையோடும் வந்து இறங்கினார்கள். அடுத்தவன் வீடு, அடுத்தவன் அடுப்பு, அலமாரியில் அடுத்தவன் தட்டு. 'ஜெர்மன்காரன் திரும்பி வருவான், நம்மைக் கிளப்புவான்' என்ற பயத்திலேயே வருஷக்கணக்கில் இருந்தார்கள். எதற்கு ஓடு மாற்ற வேண்டும், எதற்கு மரம் நட வேண்டும் என்று கூரை ஒழுகின வீட்டில் அப்படியே கிடந்தார்கள். 1970 டிசம்பரில் மேற்கு ஜெர்மனி அந்த எல்லையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டபிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. அதற்குள் இருபத்தைந்து வருஷம் போய்விட்டது. உன் எதிர்வீட்டுத் தாத்தாவைக் கேட்டுப் பார். அவர் அப்பா அம்மா எந்த ரயிலில் வந்தார்கள் என்று சொல்வார்.

நீ வார இறுதியில் பெர்லினுக்கும் பிராகுக்கும் போகிறாய். உன் ஊரில் இருக்கும் பனோரமாவை இதுவரை பார்த்ததில்லை என்றாய். ரத்ஸ்வாவித்சே யுத்த ஓவியம் அது. 15 மீட்டர் உயரம், 114 மீட்டர் நீளம். வட்டமாக நம்மைச் சுற்றி நிற்கும். ல்வூஃபில் வரைந்து 1894-இல் திறந்தது. 1946-இல் அதைச் சுருட்டி வ்ரோத்ஸ்வாஃபுக்குக் கொண்டு வந்தார்கள். பிரித்து மாட்டினது 1985-இல். முப்பத்தொன்பது வருஷம் சுருட்டினபடியே கிடந்தது! அதற்குக் காரணம் வேறு: படத்தில் தோற்பது ருஷ்யப் படை, அதை மாட்டி வைக்க அப்போதைய அரசுக்கு நெஞ்சம் துணியவில்லை. இருந்தாலும் அதன் நடுவில் நின்றபோது எனக்கு அந்த முப்பத்தொன்பது வருஷ இருட்டுத்தான் ஞாபகம் வந்தது. குதிரையும் அரிவாளுமாக அத்தனை பேர் ஒரு உருளைக்குள் மூச்சுமுட்டக் கிடந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் உபதேசம் என்று நினைப்பாய். எனக்கு உபதேசம் செய்யத் தகுதியே கிடையாது; ஏனென்றால் இந்தத் தப்பை ஒன்பது வருஷம் செய்தவன் நான்.

நான் வந்தது 1994-இல், உன் அப்பாருவின் பனியன் கம்பெனிச் சரக்கோடு. அப்போது பழைய ஸ்வோட்டி. வந்த முதல் மாசமே நான் கோடீஸ்வரன்; அந்தக் கோடியில் ஒரு மாச வாடகை கொடுத்தால் பாதி காலி. 1995 ஜனவரியில் நாலு சைபரை வெட்டி 10,000-ஐ 1 ஆக்கினார்கள். வூச்சுக்கு ஏன் வந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. கோயம்புத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்போம். வூச்சை இவர்கள் போலந்தின் மான்செஸ்டர் என்பார்கள். துணி தெரிந்த ஊரில் துணி விற்கலாம் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் மில்லெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தது. சிவப்புச் செங்கல் கட்டடம், உடைந்த ஜன்னல், வாசலில் புல். ஊர் பெயருக்குப் 'படகு' என்று அர்த்தம். ஆற்றையெல்லாம் தரைக்கடியில் குழாயில் விட்டுவிட்டார்கள். தண்ணீரில்லாத படகு. சரி, இது நமக்கு நிரந்தரம் இல்லை, ஒரு வருஷம் பார்த்துவிட்டு ஜெர்மனிக்கோ லண்டனுக்கோ போய்விடலாம் என்று பெட்டியை அலமாரி மேல் தூக்கி வைத்தேன். ஒவ்வொரு ஜனவரியும் 'அடுத்த ஜனவரி' என்று சொன்னேன். 1996-இல் வந்த உன் பெரியம்மாவுக்கும் அதையே சொன்னேன்.

1997 செப்டம்பரில் உன் அப்பா வந்தான். இதை அவன் உன்னிடம் எப்படிச் சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்து சொல்வதுதானே? "அண்ணன் அந்தக் குளிர்ல போயி என்னத்தக் கண்டாரு? எனக்கு அப்பவே தெரிஞ்சுது, வந்துட்டேன்" என்று. என்ன தெரிந்தது அவனுக்கு? ஊருக்குத் தெற்கே ஜ்குஃப் மொத்தச் சந்தையில் நமக்கு ஒரு கடை. ருஷ்யா, பெலாருஸ், உக்ரைனிலிருந்து பஸ் பஸ்ஸாக வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். ராத்திரி மூன்று மணிக்கு மைனஸ் பன்னிரண்டில் நின்று மூட்டை மாற்றுவோம். உன் அப்பாவுக்கு விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தது உண்மை, இல்லையென்று சொல்லவில்லை. டிசம்பரில் ஒரு நாள் காலை "ஊர்ல ஒரு வேலைங்கண்ணா, பொங்கலுக்கப்புறம் வந்தர்றேன்" என்றான். பொங்கல் வந்தது, அவன் வரவில்லை. எட்டுப் பெட்டி சரக்கும் கடை வாடகையும் நானுமாக நின்றோம்.

அடுத்த ஆகஸ்டில் ருஷ்யாவில் ரூபிள் விழுந்தது. கிழக்கிலிருந்து பஸ் வருவது நின்றது. நமக்கு விழுந்த அடி அடிதான். அன்றிலிருந்து உன் அப்பா தீர்க்கதரிசி ஆகிவிட்டான். 1998 ஆகஸ்டில் மாஸ்கோவில் ரூபிள் விழப் போவது 1997 டிசம்பரில் விரல் வெடித்தவனுக்கு எப்படித் தெரியும், அம்மிணி? குளிர்ந்தது, போனான். அதை அப்படியே சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைப் புத்திசாலித்தனம் என்று இருபத்தேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆகாதது. இதை நீ அவனிடம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் பரவாயில்லை.

பெரியம்மா இந்த இடத்தில் படித்துப் பார்த்துவிட்டு, "புள்ள பெர்லினைப் பத்திக் கேட்டா, நீங்க ரூபிளைப் பத்தி எழுதறீங்க" என்கிறாள். சரி, நிறுத்துகிறேன்.

உன் அப்பா வந்த அந்த 1997 இலையுதிர்காலத்தில் எதிர்வீட்டு பானி இல்லாவிட்டால் நாங்கள் மூட்டை கட்டியிருப்போம். அவர் நூற்பாலையில் மூன்று ஷிப்டும் பார்த்தவர், மில் பூட்டினபோது வேலை போனவர். கையைப் பார்த்தாலே தெரியும், நம் ஊர் மில் பெண்களின் கைதான். ஒருநாள் கதவைத் தட்டி, பெரியம்மாவைக் கையைப் பிடித்துக் கட்டடத்தின் அடியில் இருக்கும் பிவ்னீத்சாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே மரச்சட்டக் கதவு போட்ட ஒரு சாமான் அறை உண்டு. உன் கட்டடத்திலும் இருக்கும், சாவி உன்னிடம் இருக்கிறதா என்று பார். நாற்பது வாட் பல்பு, ஈர மண் வாசனை, நடுவில் ஒரு பீப்பாய். முட்டைக்கோஸை இழை இழையாக அரிந்து, கிலோவுக்கு இருபது கிராம் உப்பு, கொஞ்சம் கேரட், சீரகம் மாதிரி ஒரு விதை. முஷ்டியால் அமுக்க வேண்டும். முதலில் ஒன்றும் ஆகாது. அமுக்க அமுக்கக் கால் மணி நேரத்தில் கோஸ் தன் தண்ணீரைத் தானே விடும். அந்தத் தண்ணீர் மேலே ஏறி இலையை மூடினதும் கல்லை வைத்துவிட வேண்டியதுதான். பெரியம்மா மாவடு போட்டவள். அவளுக்கு இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆனால் மொழி அங்கேதான் வந்தது. 'இன்னும்', 'போதும்', 'அமுக்கு', 'உப்பு', 'நாளைக்கு'. பீப்பாய் நிரம்புவதற்குள் முப்பது சொல். அவ்வப்போது குச்சியால் குத்தி வாயுவை வெளியேற்றக் கீழே போவார்கள். போகும்போதெல்லாம் பத்துச் சொல்லோடு வருவாள். நான் அப்போது சந்தையில் ருஷ்ய மொழியும் விரலுமாகப் பேசிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த டிசம்பர் 24-ஆம் தேதி விகிலியா என்கிற கிறிஸ்துமஸ் முந்தின இரவு விருந்துக்கு, உன் அப்பா போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, பானி எங்களை இரண்டு பேரையும் கூப்பிட்டார். அன்றைக்கு மாமிசம் கிடையாது. பன்னிரண்டு பதார்த்தம். எதிர்பாராமல் வருபவருக்கென்று ஒரு தட்டு காலியாக வைப்பார்கள். நாங்கள் இரண்டு பேர், தட்டு ஒன்று. அவர் ஒன்றும் பேசாமல் தன் தட்டை பெரியம்மா பக்கம் நகர்த்திவிட்டு, தனக்கு ஒரு பீங்கான் கிண்ணம் எடுத்துக்கொண்டார்.

பெட்டி கதை இன்னும் முடியவில்லை. 2003-இல் ஒருநாள் பானி எங்கள் அலமாரியை அண்ணாந்து பார்த்து, "அந்தப் பெட்டி சும்மாதானே இருக்கிறது, குளிர்காலத்துக்கு ஆப்பிள் போட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்வேன்? ஜெர்மனி போகப் போகிறேன் என்றா? எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றி அடுக்கினார். இன்றைக்கும் அது பிவ்னீத்சாவில் இருக்கிறது. திறந்தால் விமான நிலைய வாசனை போய் ஆப்பிள் வாசனை வருகிறது.

மொழி கஷ்டம் என்கிறாய். போனில் மொழிப்பாடச் செயலியின் பச்சை ஆந்தை தினம் திட்டுகிறது என்கிறாய். ஆந்தையை விடு. போலிஷ்காரர்களுக்கு ஏழு வேற்றுமை. நீ எட்டு வேற்றுமையில் பிறந்து வளர்ந்தவள். இங்கிலீஷ்காரனுக்குத்தான் அது மலை. கூப்பிடும்போது பெயர் மாறுவது, நாம் விளி வேற்றுமை என்று படித்தோமே, அது இவர்களிடமும் இருக்கிறது. அம்மா 'மாமா', கூப்பிட்டால் 'மாமோ'. தாத்தா 'ஜாதெக்', கூப்பிட்டால் 'ஜாத்கு'. கிதான்ஸ்கில் இருக்கும் என் மகன், உன் அண்ணன், அவன் மகளுக்கு என்னை 'அப்பாரு' என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். அந்த 'ரு'வைக் கேட்ட அவள் அம்மா, அது ஏற்கெனவே விளி வேற்றுமைதான் என்று நினைத்து, "அப்பார் வந்திருக்கிறார்" என்று குழந்தையிடம் திருத்திச் சொன்னாள்! இலக்கணம் நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மரியாதைச் சொல்லும் அப்படித்தான். நாம் நீ, நீங்கள் பிரிப்போம். இவர்கள் பான், பானி போட்டு மூன்றாம் மனிதரைப் போலப் பேசுவார்கள். இங்கிலீஷிலிருந்து மாற்றுகிறவர்கள் எல்லாரையும் 'நீ' என்று கூப்பிட்டு மாட்டிக்கொள்வார்கள். நீ கொங்கு நாட்டுப் பெண். 'வாங்க, உக்காருங்க' என்ற நாக்குக்கு இது சிரமமே இல்லை. எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு லிப்டில் 'ஜென் தோப்ரே' சொல். டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பொதுவாக ஒரு 'ஜென் தோப்ரே' சொல்லிவிட்டு உட்கார். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்களே என்று பார்க்காதே. இவர்கள் காரணமில்லாமல் சிரிப்பதில்லை, அவ்வளவுதான்.

காய்ச்சல் மறுபடி வந்தால் (வரக் கூடாது): உன் சம்பளத்தில் மருத்துவத்துக்குப் பிடிக்கிறார்கள், அதனால் வெட்கப்படாமல் போ. மாலை 6 முதல் காலை 8 வரையிலும் சனி, ஞாயிறு, விடுமுறை நாள் முழுவதும் இரவுநேர மருத்துவம் தனியாக உண்டு, காசு கிடையாது. 'மாம் கொரொன்ச்கெ' என்றால் எனக்குக் காய்ச்சல். மருந்துக்குக் காகிதச் சீட்டு வேண்டாம். டாக்டர் தரும் நாலு இலக்க எண்ணும் உன் பெசல் அடையாள எண்ணும் சொன்னால் கடையில் கொடுப்பார்கள். இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் எனக்குப் போன் செய். ராத்திரி இரண்டு மணியானாலும் செய். சந்தைக்காரனுக்கு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும்.

இனி கணக்கு. கணக்கு பொய் சொல்லாது, அதில் நான் சாய முடியாது. நீண்டகால வசிப்புரிமை அட்டைக்குத் தொடர்ந்து ஐந்து வருஷம் வேண்டும். படித்த காலம் பாதியாகத்தான் சேரும்: இரண்டு வருஷத்துக்கு ஒன்று. வேலை பார்த்தது இரண்டு. ஆக மூன்று; இன்னும் இரண்டு பாக்கி. அதோடு போலிஷில் பி1 சான்றிதழ். நடுவில் ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேலோ, மொத்தத்தில் பத்து மாதத்துக்கு மேலோ வெளியே இருந்தால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும். பெர்லினில் ப்ளூ கார்டு வாங்கினால் ஜெர்மன் பி1-உடன் 21 மாதத்தில் நிரந்தரம் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும்; மறைக்கவில்லை. ஆனால் பார், அங்கேயும் வாசலில் நிற்பது மொழிதான். நாலு வருஷம் இருந்த ஊரின் மொழியில் ரொட்டி வாங்கத் தெரியாதவள், போகிற ஊரின் மொழியில் 21 மாதத்தில் பரீட்சை எழுதுவாளா? சம்பளம் அதிகம் என்கிறாய். வாடகையும் அதிகம். இதற்குமேல் நான் சொல்லக் கூடாது.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. போன மாதம் டிராமில் ஒருத்தன் உன்னைப் பார்த்து உன் நாட்டுக்குப் போ என்று கத்தினான் என்றாய். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். 1995-இல் ரயில் நிலையத்தில் மொட்டைத்தலைப் பையன்கள் நாலு பேர் என்னைத் தள்ளிவிட்டார்கள். நானும் அப்படித்தான் சாதாரணமாகச் சொன்னேன், பெரியம்மாவிடம் இரண்டு வருஷம் கழித்து. அதற்குப் பிறகு நல்லவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த நாலு முகமும் இன்னும் மறக்கவில்லை. பெர்லினில் அது இருக்காது என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. ஆனால் இங்கே இருக்கிறது, அதை நான் மூடி மறைக்க மாட்டேன். அன்றைக்கு டிராமில் யாராவது எழுந்தார்களா? நீ சொல்லவில்லை. எழுந்திருந்தாலும், அவர்கள் சொன்னது உனக்குப் புரிந்திருக்காது. அதுதான் எனக்கு வலிக்கிறது. ராத்திரி டிராமில் ஓட்டுநர் பக்கம் உட்கார். 112 எண் போனில் இருக்கட்டும்.

பெட்டியைப் பிரித்தால் எல்லாம் லாபம் என்றும் சொல்ல மாட்டேன். உன் அண்ணனுக்குத் தமிழ் எழுத வராது. நான் தமிழில் கேட்டால் போலிஷில் பதில் சொல்கிறான், அதுவும் பாசமாகத்தான். அப்பத்தாவின் விளக்கை யாரோ வைத்த சிலுவையடியில் வைக்கிறேன். இந்தக் கடிதத்தை என்னைவிட்டால் இந்த வீட்டில் எழுத பெரியம்மா ஒருத்திதான் இருக்கிறாள். இதெல்லாம் செலவுக் கணக்கு. நீயும் போட்டுப் பார்.

பெரிதாக எழுதிவிட்டேன். திட்டினது போல் இருந்தால் மன்னித்துவிடு, கண்ணு. உன்னைப் போல் தைரியசாலி நம் வீட்டில் யாருமில்லை. இருபத்துமூன்று வயதில் தனியாக வந்து, படித்து, ஒரு ஸ்வோட்டி யாரிடமும் கேட்காமல் நிற்கிறாய். நான் ஒன்பது வருஷத்தில் செய்யாததை நீ நாலு வருஷத்தில் செய்தாய் என்று உன் அப்பாவிடம் போன வாரம்கூடச் சொன்னேன். அவனும் ஆமாம் என்றான்; அபூர்வமாக இரண்டு பேரும் ஒத்துப்போனோம். நீ பெர்லின் போனாலும் சரி, டப்ளின் போனாலும் சரி, நாளைக்கே திருப்பூர் வண்டி ஏறினாலும் சரி, எங்கள் தங்கம்தான். போவதென்று முடிவானால் சாமானை நானே காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கி, ஆணி அடித்து, படம் மாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன். சத்தியமாக ஒரு வார்த்தை பேச மாட்டேன். பெரியம்மா சிரிக்கிறாள்.

இந்த வருஷம் முதல் டிசம்பர் 24 அரசு விடுமுறை ஆகிவிட்டது. உனக்கு ஆபீஸ் இருக்காது. எங்கிருந்தாலும் அன்றைக்கு இங்கே வந்துவிடு. காலித் தட்டு உனக்குத்தான்.

என்றும் உன்,
பெரியப்பா

பின்குறிப்பு: இந்தக் கடிதம் முறுக்கு டப்பாவோடு உன் தெருமுனை பச்கோமாட் பார்சல் பெட்டியில் வந்து விழும். 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிடு, இல்லாவிட்டால் எனக்கே திரும்பி வந்துவிடும். டப்பாவில் மேல் அடுக்கு உனக்கும் மூன்று பிள்ளைகளுக்கும். கீழே தனியாகக் காகிதத்தில் சுற்றினது எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு. நாய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல், அதில் மிளகாய் இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் போன் செய்.